நாலாவது குச்சி

தொண்ணூற்றொன்றாம் வருடக் கோடை என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் எல்லாரும் ஒரே செய்தியில்தான் போய் நிற்பார்கள். நானும் அங்கே வருவேன். ஆனால் ஊரில் சந்தேகம் அந்த மே மாதத்தில்தான் முளைத்தது என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. அது குருத்தோலை ஞாயிற்றன்றே வந்துவிட்டது. எங்கள் சபை ஆர்கனிலிருந்து வந்தது.

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வல்லக்கோட்டைப் பக்கம் திரும்பினால் எங்கள் ஊர். இன்றைக்குக் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கிற இடம் அப்போது எங்கள் வேர்க்கடலைக் கொல்லை. கொல்லையை ஒட்டி ஓடு போட்ட சின்ன சர்ச். அதற்குள் காலால் மிதித்து வாசிக்கிற ஆர்கன் ஒன்று இருந்தது. மிதித்தால் முதலில் ஒரு பெருமூச்சு வரும், பிறகுதான் சத்தம். வௌவால் எச்சமும் பழைய வார்னிஷும் கலந்த அந்த வாசனையை அதற்குப் பிறகு நான் எங்கேயும் முகர்ந்ததில்லை. எலி உள்ளே புகுந்து தோலைக் கடித்ததில் கருப்புக் கட்டைகள் எல்லாம் ஊமை. அமுக்கினால் காற்றுதான் வரும். எலி எப்படிக் கருப்பை மட்டும் தேடிப்பிடித்துக் கடித்தது என்று என் அத்தை கேட்பாள். அத்தைக்கு எலியின் மேலும் சந்தேகம் உண்டு.

ஆர்கன் வாசித்தது என் அம்மா. செங்கல்பட்டில் மிஷன் ஹாஸ்டலில் படித்தபோது கற்றுக்கொண்டது. கருப்புக் கட்டை வேலை செய்யாததால் எல்லாப் பாட்டையும் ஒரு கட்டை சுருதியிலேயே வாசிப்பாள். அதற்கு வெள்ளைக் கட்டைகளே போதும். அந்த வருடம் குருத்தோலை ஞாயிற்றுக்குப் பிள்ளைகள் பாட வேண்டிய கீர்த்தனை எங்கள் குரலுக்கு ரொம்ப ஆழமாக இருந்தது. அடித்தொண்டையில் முனகினோம். அம்மா பாட்டைத் தூக்கி நாலு கட்டையில், அதாவது நாலாவது வெள்ளையிலிருந்து, ஆரம்பித்தாள். நாலு கட்டையில் அதே மெட்டு வர வேண்டுமென்றால் ஆறாவது வெள்ளைக்கும் ஏழாவது வெள்ளைக்கும் நடுவிலுள்ள கருப்புக் கட்டை வேண்டும். அது ஊமை. அம்மா பக்கத்து வெள்ளையை அமுக்கினாள். பாட்டின் நாலாவது சுரம் கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டது. நாங்கள் பிள்ளைகள்தானே, சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை ஓலையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பாட, பெரியவர்கள் வழக்கம்போலக் கூடச் சேர்ந்தார்கள். அந்த ஒரு இடத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் இடித்தது. நாங்கள் மேலே போனோம், அவர்கள் கீழே நின்றார்கள். ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் அம்மாவிடம் வந்தார்.

"இன்னாம்மா இது, முருகர் கோயில் நாயனம் மாதிரி கீது. நம்ம பாட்டுதானே?"

"கருப்புக் கட்டை போயிடுச்சுங்க. அதான் ஒரு இடத்துல மாறுது."

"கட்டை போச்சா, இல்ல நீயே மாத்திட்டியா?"

அதற்குள் கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு ஆள் எழுந்து வந்தார். நிலம் அளக்க வந்திருந்த சர்வேயர். முப்பது வயது இருக்கும். மாவு மில்லுக்குப் பின்னாலிருந்த அறையில் வாடகைக்கு இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா அங்கே ஒரு சர்ச்சில் பாடகர் குழுவை நடத்தியவராம். அவர் பேச்சு எங்கள் ஊருக்குப் புதிது. சிலோன்காரன் மாதிரிப் பேசுகிறான் என்று மில்லில் ஏற்கெனவே பேச்சு இருந்தது.

"அக்கா, அதைத் திருத்திராதிய," என்றார். "அது தப்பு இல்ல. அதுக்கு ஒரு பேரே இருக்கு. லிடியன்னு சொல்லுவாங்க."

"இன்னாது?"

"லிடியன். நாயனத்துல கல்யாணின்னு வாசிக்காங்கல்லா, கிட்டத்தட்ட அதே படிதான். வெள்ளைக்காரன் வேற பேரு வச்சிருக்கான்."

கல்யாணி என்ற ராகத்தின் பெயரைக் கேட்டதும், நான் சொன்னேனே என்பது போல மூப்பர் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஆர்கன் மூடியைச் சாத்தினாள். சாத்தும்போது சிரித்தாள் என்றுதான் எனக்கு ஞாபகம். வீட்டில் அவள் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை என்பதால் அது நினைவில் தங்கிவிட்டது.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை வருவார், திங்கள் விடியலில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, புருஷன் போன பிறகு எங்களோடு இருந்தாள். கொல்லை வேலை அவள் பொறுப்பு, வீட்டு வேலை அம்மாவின் பொறுப்பு. எங்களைக் கண்காணிப்பதும் தன் பொறுப்பு என்று அத்தை தானாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா கடைக்குப் போனால் எத்தனை நேரம், யாரோடு பேசினாள் என்று என்னிடம் கேட்பாள். நான் சொல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

குருத்தோலை முடிந்து ஈஸ்டரும் போனது. பள்ளிக்கூடம் லீவு. சாயங்காலம் வேலை முடித்து வருகிற சர்வேயர், அம்மா ஆர்கன் பழகுகிற நேரத்தில் சர்ச்சுக்கு வர ஆரம்பித்தார். அம்மா என்னை விட்டு ஒரு நாளும் போனதில்லை. கதவையும் சாத்தியதில்லை. அவர் ஆர்கனைத் தொடுவதுகூட அபூர்வம். பெஞ்சியில் உட்கார்ந்து கேட்பார், ஏதாவது சொல்வார். அம்மாவுக்கு அந்த லிடியன் விஷயம் பிடிபடவில்லை. அது அவளை விடவும் இல்லை.

"தம்பி, அதே வெள்ளைக் கட்டைங்கதானே. ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சா இன்னா, நாலுலேர்ந்து ஆரம்பிச்சா இன்னா? கட்டை மாறலியே, பாட்டு எப்பிடி மாறும்?"

"கட்டை மாறாதுக்கா. வீடு எங்கன்னு காது முடிவு பண்ணுது பாத்தியளா, அதுதான் மாறும். வீட்டுல இருந்து எத்தனை தூரம்ங்கதுதான் சுரம்."

அம்மா மறுபடி வாசித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். மறுநாள் அவர் ஒரு சாக்குப் பையில் முளைக்குச்சிகளைக் கொண்டுவந்தார். நிலம் அளக்கும்போது தரையில் அடிக்கிற மரக்குச்சிகள், தலையில் சிவப்பு வண்ணம் பூசியவை. சர்ச்சுக்கும் எங்கள் கொல்லைக்கும் நடுவிலிருந்த வெற்றுத் தரையில் அவற்றை ஒரே வரிசையாக அடித்தார். எல்லா இடைவெளியும் ஒன்றாக இல்லை. சிலவற்றுக்கு நடுவில் இரண்டு அடி, சிலவற்றுக்கு நடுவில் ஒரே ஒரு அடி.

"இது உங்க வெள்ளைக் கட்டைங்க. ரெண்டு அடி இருந்தா முழுப் படி. ஒரு அடி இருந்தா அரைப் படி. மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல அரைப் படி, பாத்துக்கிடுங்க. இப்ப முதல் குச்சில நின்னு பாடிட்டே நடங்க."

அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு சுரம். இரண்டு, இரண்டு, ஒன்று. நாலாவது குச்சி கிட்டத்திலேயே இருந்தது, காலும் குரலும் லேசாகப் போய்ச் சேர்ந்தன.

"சரி. இப்ப வீட்டைத் தூக்கி நாலாவது குச்சிக்குக் கொண்டு போயிருவோம். அங்க இருந்து நடங்க. உங்க நாலாவது எங்க இருக்குன்னு பாருங்க."

அம்மா அங்கே நின்று ஆரம்பித்தாள். இரண்டு, இரண்டு. நாலாவதுக்குப் பழகிய கால் ஒரு அடிதான் எடுத்து வைத்தது. குச்சி அங்கே இல்லை. இன்னும் ஒரு அடி தள்ளி இருந்தது. அம்மா தடுமாறி முன்னால் சாய்ந்து நின்றாள். குரல் மட்டும் போய்ச் சேர்ந்திருந்தது, அந்த உயர்ந்த சுரத்தில்.

"அடடே," என்றாள். "மூணு முழுப் படியும் ஏறின அப்புறம்தான் அரையா? இதுக்குத்தான் அவ்ளோ வெளிச்சமா கேக்குதா?"

"அவ்வளவுதான்க்கா. ஒரு அடிதான். எல்லாமே மாறிருது."

அம்மா மறுபடி நடந்தாள். இந்த முறை சரியாகப் போய் நின்று, வெயிலில் முகம் சுளித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது வேலியோரம் புல்லுக்கட்டோடு அத்தை நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அவள் காதில் என்ன விழுந்தது என்பது அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது தெரிந்தது.

"வூட்டைத் தூக்கி எங்கேயோ கொண்டு போறேன்னு சொல்லிகினு இருந்தானே, யார் வூட்டை?"

"அது பாட்டு, அண்ணி."

"பாட்டுக்கு எதுக்கு முளை அடிக்கறான்? நம்ம கொல்லை வரப்பை நேரா பாத்து அடிச்சிக்கீறான். நீயும் தாண்டி தாண்டிக் காட்டறே."

அம்மா விளக்க முயன்றாள். வீடு என்றால் ஆரம்பிக்கிற சுரம், குச்சி என்றால் கட்டை என்றாள். அத்தை சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா சொல்லச் சொல்ல அது பொய் மாதிரி எனக்கே பட்டது. எவ்வளவு உண்மையான விஷயம் பாருங்கள், ஒரு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொன்னால் எப்படி ஆகிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மறுநாள் சாயங்காலம் ஆர்கன் மிதிகட்டை கிறீச்சிட்டது. தையல் மிஷின் எண்ணெய் எடுத்து வரச் சொல்லி அம்மா என்னை வீட்டுக்கு அனுப்பினாள். நீள மூக்கு வைத்த தகர எண்ணெய்ப் புட்டி, உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். அதைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். தூரத்திலிருந்தே ஆர்கன் சத்தம் கேட்க வேண்டும், கேட்கவில்லை. வாசலில் வந்து நின்றேன். அம்மாவும் சர்வேயரும் கொல்லைப் பக்கத்து ஜன்னலருகில் நின்றிருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் இல்லை, நடுவில் ஒரு ஆள் நிற்கலாம். அவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

"எண்ணெய் கெடைச்சுதா?" என்று அம்மா கேட்டாள். அது அவள் குரலாக இல்லை.

அன்றைக்கு அவள் ஆர்கன் வாசிக்கவில்லை. எண்ணெயையும் போடவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் என் கையை வலிக்கிற அளவுக்குப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் அத்தையிடம் எதையும் சொல்லவில்லை. ஆனால் எனக்குள்ளேயே ஒரு அத்தை உட்கார்ந்துகொண்டாள். வயது ஏற ஏற அந்த ஜன்னலுக்கு நான் ஒவ்வொரு அர்த்தமாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அம்மா ஏதாவது யோசனையில் இருந்தால், அவரைத்தான் நினைக்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகும் பார்த்தேன்.

ஊர் ஆட்கள் மூப்பரோடு வந்து குச்சிகளைப் பிடுங்கினார்கள். சர்ச் நிலத்தையும் எங்கள் கொல்லையையும் சேர்த்து அளந்துவிட்டான், கவர்மென்ட் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று பேச்சு. மூப்பர் குச்சிகளைக் கட்டாகக் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போனார், அதோடு நிலம் தப்பித்தது என்று ஊர் நம்பியது. சர்வேயர் நிஜமாக அளந்து நட்ட கற்கள் ஏரிக்கரையை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு, தலையில் சுண்ணாம்பு பூசி நின்றுகொண்டிருந்தன. அவற்றை யாரும் தொடவில்லை. மாடு கட்ட வசதியாக இருக்கிறது என்று சிலர் மாடு கட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காலை. ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து, பெரிய தலைவரும் கூட இருந்தவர்களும் இறந்துபோன செய்தி. பஸ் இல்லை, கடை இல்லை. டிரான்சிஸ்டரைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். எங்களுக்கு இவ்வளவு பக்கத்தில் நடந்தது என்பதே எல்லாரையும் பயமுறுத்தியது. சில நாட்களில் போலீஸ் வீடு வீடாக வந்தது. ஊருக்குப் புதிதாக யார் வந்தது, யாருக்கு வாடகைக்கு விட்டீர்கள் என்று விசாரித்தார்கள். மூப்பர் குச்சிக் கட்டை எடுத்து வந்து காட்டினார்.

சர்வேயரை ஜீப்பில் ஏற்றினார்கள். அவருடைய மூன்று கால் அளவைக் கருவியையும் வரைபடங்களையும் கூட ஏற்றினார்கள். அம்மாவை விசாரிக்க அப்பா வரும்வரை காத்திருந்தார்கள், அந்த மரியாதை இருந்தது. விசாரணை சர்ச்சிலேயே நடந்தது. இன்ஸ்பெக்டர் முன் பெஞ்சியில் உட்கார்ந்தார். அப்பா தூணருகில் நின்றார். அத்தையும் மூப்பரும் வாசலில்.

"லிடியன்னு யாரோ ஒருத்தனைப் பத்தி அடிக்கடி பேசினாராமே. அது யாரு? எந்த ஊரு?"

"ஆள் இல்ல சார். சுர வரிசை."

"குச்சி?"

"அதுவும் சுரம்தான் சார்."

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. வாசித்துக் காட்டச் சொன்னார். அம்மா ஆர்கன் முன்னால் உட்கார்ந்து, முதலில் ஒரு கட்டையிலிருந்து ஏறி இறங்கினாள். பிறகு நாலு கட்டையிலிருந்து. மிதிகட்டை கிறீச்சிட்டது. நாலாவது சுரம் வந்த இடத்தில் அவள் விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் நிறுத்திக் காட்டினாள்.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்ல சார். இங்க ஒரு அடி மேல."

"எனக்குத் தெரியலியேம்மா." அப்பா பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுதா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். தெரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "எனக்குப் பாட்டு வராதுங்க சார்," என்றார்.

"சரி. வூட்டம்மாவைக் கொஞ்ச நாளைக்கு வூட்டோட இருக்கச் சொல்லுங்க. காலம் சரியில்ல."

அன்றைக்கே அப்பா ஆர்கன் சாவியைப் போதகரிடம் கொடுத்துவிட்டார். அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டுச் சண்டை போட்டிருந்தால் அவளுக்குச் சொல்ல ஒரு இடம் கிடைத்திருக்கும் என்று இப்போது படுகிறது. அவர் எதையும் கேட்காத மனிதராகவே கடைசிவரை இருந்தார். கேட்காததையே பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சர்வேயரை அவருடைய ஆபீஸ் ஆட்கள் வந்து காகிதங்களைக் காட்டி வெளியே கொண்டுவந்தார்கள். பெட்டியை எடுத்துப் போக ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்தார். நானும் அம்மாவும் மாவு அரைக்கக் காத்திருந்தோம். கருவியை எப்போதும் வலது தோளில் சாய்த்து வலது கையால் பிடித்திருப்பார். அன்றைக்கு வலது கையைத் தொங்கவிட்டு, இடது கையால் இழுத்துக்கொண்டு போனார். எங்களைப் பார்த்திருப்பார், பார்க்காதது போலப் போய்விட்டார். மில்லில் இருந்தவர்கள் எல்லாரும் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மழைக்காலம் முடிந்ததும் அப்பா கொல்லையில் கிணறு வெட்டினார். அவருடைய பல வருட ஆசை அது. நீண்ட லீவு போட்டுவிட்டு வந்து, ஆட்களோடு ஆளாகக் குழிக்குள் இறங்கி மண் கொட்டினார். பாறையை உடைத்தார். அம்மா தினமும் மதியம் கூடையில் சோறு எடுத்துப் போவாள். தண்ணீர் கண்ட அன்று அத்தை கற்பூரம் ஏற்றாத குறைதான், சேற்றுத் தண்ணீரை எல்லார் தலையிலும் தெளித்தாள். அப்பா அம்மாவைக் கூப்பிட்டு எட்டிப் பார்க்கச் சொன்னார். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு," என்றாள். அவள் அதிகம் பேசாமலிருந்ததை அத்தை கவனித்து, பொறாமை என்றாள். நான் கவனித்து, வேறொன்று நினைத்தேன்.

கிணற்றில் சில வருடமே இறைத்தோம். பிறகு நோட்டீஸ் வந்தது. எங்கள் கொல்லை, ஏரிக்கரை ஓரம், மூப்பர் நிலம் எல்லாம் தொழிற்பேட்டைக்குப் போனது. கிணற்றை லாரி மண் கொண்டு மூடியதை அப்பா ரோட்டில் நின்று பார்த்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை. ஊருக்கே போவதைக் குறைத்துக்கொண்டார்.

அப்பா இப்போது இல்லை. அம்மாவும் அத்தையும் படப்பையில் ஒரு மனையில் கட்டிய சின்ன வீட்டில் சேர்ந்திருக்கிறார்கள். இத்தனை வருடம் ஒருவரையொருவர் கவனித்துக் கவனித்து, இனி பிரிந்து இருக்க இருவராலும் முடியாது. போன மாதம் நான் போயிருந்தபோது, கீபோர்டு வகுப்புக்குப் போகிற என் மகள், அன்று புதிதாகச் சொல்லிக்கொடுத்ததைப் பற்றிப் போனில் புலம்பினாள். லிடியன் என்று ஏதோ, ஒன்றும் புரியவில்லை என்றாள். நான் முற்றத்தில் எழுந்து நின்று, ஒரு அடி, இரண்டு அடி என்று நடந்துகொண்டே சொல்லிக்கொடுத்தேன். அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டுவிட்டேன். இத்தனை வருடமாகக் கேட்காததை.

"ஏம்மா, அன்னிக்கு எண்ணெய் எடுத்துகினு நான் வந்தப்போ, ஜன்னல்கிட்ட உங்கிட்ட அவர் இன்னா சொல்லிகினு இருந்தாரு?"

அம்மா காம்பைக் கிள்ளிப் போட்டாள். சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நம்ம கொல்லை போயிடும்னு சொன்னாரு. வரைபடத்துல பாத்தாராம். கம்பெனி மெயின் கேட் அங்கதான் வரும், புதுசா எதுவும் கட்டிராதிய, கிணறும் வெட்டிராதியன்னாரு. அவர் வெளிய சொல்லக் கூடாதாம். மனசு கேக்காம சொன்னாரு."

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். "அப்பாகிட்ட ஏம்மா சொல்லல? அவர் குழியில எறங்கி எறங்கி..."

"எப்பிடிச் சொல்றது? யார் சொன்னான்னு கேப்பாரு. எப்போ சொன்னான், எங்க வெச்சு சொன்னான், உன்கிட்ட மட்டும் ஏன் சொன்னான். உங்கப்பா வாயால கேக்க மாட்டாரு. மனசுல கேட்டுகினே இருப்பாரு." கீரையை ஒதுக்கி வைத்தாள். "மொத மொத மண் வெட்டின அன்னிக்குச் சொல்லிடலாம்னு வாசல் வரிக்கும் போனேன். உங்க அத்தை நின்னுகினு இருந்தாங்க. திரும்பி வந்துட்டேன்."

உள்ளே டி.வி. சத்தம் குறைந்தது. அத்தையின் குரல் வந்தது.

"இன்னா, ரெண்டு பேரும் ரொம்ப நேரமா குசுகுசுன்னு பேசிகினு கீறீங்க?"

"ஒண்ணும் இல்ல அண்ணி," என்றாள் அம்மா. "கீரை நல்லா இல்லன்னு சொல்லிகினு இருந்தேன்."